கழற்றிய இரண்டு வளையல்கள்

மாஷிமா,

வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். இவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. எனக்கும் கேட்டு வாங்கியாயிற்று. இன்று காலை சமையலறைப் பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். உள்ளே பஞ்சில் சுற்றிய இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள். பதின்மூன்று வருடமாகியும் ஒரு கீறல் இல்லை. பஞ்சில் மட்டும் சந்தனம் காய்ந்து மஞ்சளாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

சாமான் கட்டுகிறவர், "கண்ணாடியா? உடைஞ்சா நாங்க பொறுப்பில்லை" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கத் தோன்றியது.

நாங்கள் வங்காளத்துக்கு வந்து, லேக் கார்டன்ஸில் இந்த மாடி வீட்டில் குடியேறியது தொண்ணூற்று மூன்றில். எனக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் ஸ்டெனோ வேலை. பிறர் சொன்னதைச் சொன்னபடி எடுத்து, தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு வைத்துவிட்டு மறந்துவிடுவது என் பிழைப்பு. வயதில் மூத்த அக்கம்பக்கத்துப் பெண்களைச் சித்தி முறை வைத்து மாஷிமா என்று கூப்பிட வேண்டும் என்று முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். உங்களுக்கு மட்டும் முன்னால் ஒரு 'ஜெர்மன்' சேர்ந்திருந்தது. கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற வங்காளியின் மனைவி, கீழ் வீட்டு ஜெர்மன் மாஷிமா. வகிட்டில் சிந்தூரம், மணிக்கட்டில் வெள்ளைச் சங்கு வளையல், மே மாத வெயிலிலும் முழங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரை மூடிய ரவிக்கை. வெள்ளைக்காரத் தோல், வெயில் தாங்காது என்று நாங்களே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

உங்கள் கூடத்தில் ஒரே ஒரு புகைப்படம். ஆறு வயதுப் பையன், தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தது. யாரென்று ஒருமுறை கேட்டேன். "அவன் அங்கே இருக்கான்" என்றீர்கள். மகன் ஜெர்மனியில் இருக்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் எடுத்துக்கொண்டதை நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். நமக்குள் பேச்செல்லாம் வங்காளத்தில்தான், உங்களுக்கும் இரவல் மொழி, எனக்கும் இரவல் மொழி. ஆனால் நினைத்துப் பார்க்கும்போது நீங்கள் சொன்னதெல்லாம் தமிழில்தான் கேட்கிறது.

தலைப்பிள்ளை உண்டானபோது, ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்த அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்தாள். அம்மா, நான், நீங்கள் மூன்று பேருமாகக் கரியாஹாட் கடைத்தெருவுக்கு வளையல் வாங்கப் போனோம். நடைபாதையில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஊர்சுற்றிப் பெண் ஒருத்தியை ஒரு கடைக்காரர் விரட்டிக்கொண்டிருந்தார். அவள் எங்களை உரசிக்கொண்டு போனாள். அம்மா கைப்பையைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டாள். நீங்கள் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்தீர்கள். பிறகு அவளைக் கூப்பிட்டு நாலு சரம் பாசிமணி வாங்கினீர்கள். நீங்கள் கழுத்தில் எதுவும் போடாதவர் என்பதால் எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

வளைகாப்பு அன்று கூடத்தில் இருபது பெண்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் வரிசையாக மூடி வைத்திருந்தது. முதல் வளையல் யார் போடுவது என்று பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குக் கணவனும் பிள்ளையும் உள்ள மூத்த பெண்ணைத்தான் அழைப்பார்கள். அம்மா சுற்றிப் பார்த்தாள்.

"ஏட்டி, கீழ் வீட்டம்மாவையே போடச் சொல்லு. வீட்டுக்காரரும் நல்லாருக்காரு, ஆம்பளப் புள்ளையும் இருக்குல்லா. நெறஞ்ச கை."

நான் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். கூச்சம் என்று நினைத்தோம். அம்மா உங்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, சந்தனம் பூசுவதற்கு ரவிக்கையின் கையை மேலே தள்ளினாள். இடது முன்கையில் நீலம் வெளுத்த எழுத்து ஒன்று, பின்னால் எண்கள்.

"அட, பச்ச குத்திருக்காகளே! சீமையிலயும் குத்துவாகளா? இந்தா பாருங்க, எனக்கும் இருக்கு." தன் கையிலிருந்த புள்ளிக்கோலத்தை உங்கள் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அந்த எண்களின்மேல் தாராளமாகச் சந்தனத்தை அப்பினாள். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். நாளெல்லாம் எண்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். அது அலங்காரம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. கையை நீட்டினேன். இரண்டு பச்சை வளையல்களை எனக்குப் போட்டுவிட்டீர்கள். உங்கள் விரல்கள் சில்லென்று இருந்தன.

மறுநாள் காலை கதவைத் தட்டினீர்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நான் போட்ட ரெண்டையும் கழற்றிடு. அந்தப் பையன் என் பிள்ளை இல்லை. என் தம்பி. அவன் வளரவே இல்லை."

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதை, சுருக்கெழுத்து எடுப்பது போல, இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டேன். நீங்கள் ஜெர்மன்காரி என்பது பாதிதான் உண்மை. அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த ரோமா குடும்பம் உங்களுடையது. ஊரார் உங்களை ஜிப்சிகள் என்றார்கள், திருடர்கள் என்றார்கள். யுத்தம் வந்தபோது, இனத்தை ஆராய்கிறோம் என்று வெள்ளை அங்கி போட்டவர்கள் வந்து உங்கள் அம்மாவின் மண்டையைக் கருவி வைத்து அளந்தார்கள். பிறகு ரயில். பிறகு முகாம், கையில் இந்த எண். முன்னாலிருந்த எழுத்து, அவர்கள் உங்கள் இனத்துக்கு வைத்த வசைப்பெயரின் முதல் எழுத்து. நாற்பத்து நாலு ஆகஸ்ட் இரண்டாம் தேதி அந்த முகாமில் மிச்சமிருந்த ரோமா குடும்பங்கள் அனைத்தையும் விஷவாயுவில் கொன்றார்கள். வேலை செய்யத் தெம்பு இருக்கிறது என்று உங்களை அதற்கு முன்னால் வேறு முகாமுக்கு ரயிலேற்றியிருந்தார்கள். அம்மாவும் தம்பியும் அங்கேயே நின்றுவிட்டார்கள். அடுத்த முகாமில் ஒரு டாக்டர், இனிப் பிள்ளை பிறக்காதபடி செய்துகொண்டால் விடுதலை என்றார். உங்களுக்குப் பதினான்கு வயது. செய்தார்கள். விடுதலை செய்யவில்லை.

"என் கை நிறைஞ்ச கை இல்லை. நேத்தே சொல்லியிருக்கணும். அத்தனை பேர் நடுவில வாய் வரலை. குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

சொல்லி முடித்த பிறகும் ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றீர்கள். கழற்ற மாட்டேன், மாஷிமா என்று நான் சொல்வதற்காகத்தான் நின்றீர்கள். அது எனக்கு அப்போதே தெரியும். நான் சொல்லவில்லை. நீங்கள் படியிறங்கிப் போனீர்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கினாள்.

"அவுக மேல எனக்கு ஒரு கொறையும் இல்லட்டி. தங்கமான மனுசி, என்ன பாடு பட்டுருக்காக. ஆனா வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு நாம விஷப்பரீட்ச பண்ண வேண்டாம்."

என்னை யாரும் பிடித்து இழுக்கவில்லை. நானே கையை நீட்டினேன். பிரசவம் வரை கழற்றக் கூடாத வளையல்களில் அந்த இரண்டை மட்டும் உடையாமல் கழற்றி, வேறு இரண்டைப் போட்டுவிட்டாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் பிரசவம் வரை உங்கள் முன்னால் வந்தேன், புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு.

மகள் நன்றாகப் பிறந்தாள். நீங்கள் பின்னிய வெள்ளை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தீர்கள். குழந்தையைத் தூக்கவில்லை. நான் தூக்கச் சொல்லவும் இல்லை. அவள் நடக்கப் பழகி உங்கள் வீட்டுக்குள் தானாக ஓடியபோதுகூட நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். முகாமும் டாக்டரும் ஐம்பது வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கைகள்தான் ஞாபகம் வரும். அதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் கணவர் காலமாகி இரண்டு வருடம் கழித்து, ஜெர்மனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. கொல்லப்பட்ட ரோமா மக்களின் பெயர்களைத் திரட்டுகிறார்கள், உங்கள் குடும்பத்தின் பெயர்களைத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தீர்கள். தட்டச்சு செய்து தர முடியுமா என்றீர்கள். அன்றுதான் முதல்முறையாக எங்கள் சோபாவில் உட்கார்ந்தீர்கள்.

இன்னொரு பழைய காகிதத்தையும் காட்டினீர்கள். யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து, நடந்ததை ஒப்புக்கொள்ளும்படி கேட்டு நீங்கள் எழுதியதற்கு அங்கே ஓர் அலுவலகம் அனுப்பிய பதில். உங்கள் குடும்பத்தைப் பிடித்தது இனத்துக்காக அல்ல, நாடோடிகளாகத் திரிந்ததற்காக என்று இருந்ததாம். "நாங்க வீடு வாங்கிக் குடியிருந்தோம். எங்க தெருவே சாட்சி. அதைச் சொல்லலாம்னு அந்த ஆபீசுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால, எங்க அம்மா தலையை அளந்த ஆள் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்துட்டேன். அப்புறம் இவர் கப்பல் எங்க துறைமுகத்துக்கு வந்தது, இவர் கூட இங்கே வந்தேன்." பிறகு சிரித்தீர்கள். "நீங்க எல்லாம் ஆதியில இந்தியாவிலிருந்து போனவங்கதானேன்னு இங்கே படிச்சவங்க சந்தோஷமாக் கேட்பாங்க. ஆமான்னு சொல்லுவேன். கரியாஹாட்ல உங்க அம்மா பையை இறுக்கிப் பிடிச்சாங்களே, அந்தக் கையை எங்க அம்மா ஆயுசு பூராப் பார்த்தா."

படிவத்தில் உங்கள் அம்மாவின் பெயரை எழுதிக் காட்டினீர்கள். தம்பியின் பெயர் வந்தபோது பேனா நின்றுவிட்டது. உங்கள் வீட்டு வழக்கத்தில் இறந்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை, எழுதுவதும் பெயரைச் சொல்வது போலத்தான் என்றீர்கள். எழுதாவிட்டால் அவன் பிறந்ததற்கே ஒரு தடயம் இருக்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. பேனா மூடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தீர்கள். எனக்குத் தாங்கவில்லை. பேச வேண்டியதை விட்டு வேறெதையோ பேசினேன்.

"மாஷிமா, அந்த வளையல் ரெண்டையும் அன்னைக்கே கழற்றிட்டேன்."

"தெரியும்" என்றீர்கள். "மே மாசத்துல நீ கையை மூடிக்கிட்டு வந்தே. மே மாசத்துல கையை மூடறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

நான் அழுதேன். நீங்கள் அழவில்லை.

"உடைச்சுட்டியா?"

"இல்லை. பத்திரமா இருக்கு."

"அப்போ சரி." என் காதருகே குனிந்து, தம்பியின் பெயரை ஒரே ஒருமுறை சொன்னீர்கள். நான் தட்டச்சு செய்தேன். "எங்க ஆளுங்க சொல்லக் கூடாது. உனக்கு அந்த விதி இல்லை. நான் போன பிறகு, வருஷத்துல ஒரு நாள் சொல்லு." எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் உங்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை எட்டு வருடமாகப் பார்த்திருந்தேன்.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. வருடா வருடம் அந்த நாள் காலையில், காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால், அந்தப் பெயரைச் சொல்கிறேன். சரியான உச்சரிப்பா என்று தெரியவில்லை. திருத்த ஆளில்லை. சென்னையிலும் சொல்வேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படிவத்தில் இருக்கிறது, அது போதும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மகள் வந்து எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று வயதாகப் போகிறது, தமிழைவிட வங்காளம் சரளமாக வருகிறது.

"மா, கீ ஷுந்தொர்! எவ்வளவு அழகு! யாரோடது?"

"உனக்குன்னு போட்டது" என்றேன்.

அவள் இரண்டையும் எடுத்து இடது கையில் போட்டுக்கொண்டாள். அளவு சரியாக இருந்தது. அந்தக் கையோடேயே புத்தக மூட்டையை இழுத்துக்கொண்டு கீழே போனாள். கழற்றி வைத்துவிட்டுப் போ, உடைந்துவிடும் என்று வாய்வரை வந்தது.

சொல்லவில்லை, மாஷிமா. படியெல்லாம் அதன் சத்தம் கேட்டுக்கொண்டே போயிற்று.