தம்பி கட்டிய காப்பு

பங்குனி 2, திங்கள்

விடியலில் மட்டும் லேசாகக் குளிர். ஏழு மணிக்கே வெயில். தெருமுனை இலவமரத்தில் இலை ஒன்றுகூட இல்லை, சிவப்புப் பூ மட்டும். விழுந்து மிதிபட்டு நடைபாதை முழுக்க வழுக்கல். குழாயில் நூல் மாதிரி தண்ணீர். கரண்ட் இல்லை.

வேலை: ரவிக்கைகளுக்குக் கொக்கி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடுப்பில் சுற்றும் லோஞ்சி, பச்சை.

தம்பி குமாருக்கு நேற்று கோயிலில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தீ மிதித்து முடிக்கும் வரை கறி மீன் கிடையாது, படுக்கை கோயிலில், ஊர் எல்லை தாண்டக் கூடாது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சீட்டுக் குலுக்கலில் அவன் பேர் விழக் கூடாது என்று அம்மா நேர்ந்துகொண்டது. அம்மனுக்கு வேறு வேலை இல்லை போல.

பங்குனி 4, புதன்

மத்தியானம் கரண்ட் வந்தது. கரண்ட் வந்துவிட்டதென்று தெருப் பிள்ளைகள் கத்தல்: "மீ லாபி! மீ லாபி!" ஓடிப்போய் மோட்டார் போட்டேன்.

கீழ்வீட்டு டோ சான், மீன்சாறு ஊற்றின சேமியா, மொஹிங்கா விற்கும் கடைக்காரி, மாடியேறி வந்தாள். உட்காரவில்லை.

"மா செல்வி, வட்டார ஆபீஸ்ல சீட்டு எடுத்துட்டாங்க. உன் தம்பி பேர் விழுந்திருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

பக்கெட் நிரம்பி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

பங்குனி 5, வியாழன்

காலையிலேயே கோயில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் எனக்குத் தையல் கொடுக்கும் அம்மாள் வீட்டில் பேசிவைத்துவிட்டேன். அங்கே தங்கி, பிறகு லாரியில் தெற்கே. பஸ் ஏறிப் பாலம் தாண்டுவதுதான் பாக்கி.

"காப்புக் கட்டிட்டு எப்படிக்கா ஆத்தைத் தாண்டுறது?"

"கழட்டிப் போடுடா."

"தீ மிதிச்சுட்டுப் போறேன். கொஞ்ச நாள்தானே."

"அது வரைக்கும் அவனுங்க பொறுத்திருப்பானுங்களா?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். முப்பதை நெருங்குகிறான், அச்சாபீஸில் வேலை, புத்தி மட்டும் இப்படி. அம்மா குறுக்கே வந்தாள். "குத்தம் வந்துரும்டி. ஆத்தா பாத்துக்குவா." அறைந்திருப்பேன். காப்புக் கட்டினவனை அடிக்கக் கூடாதாம்.

பங்குனி 6, வெள்ளி

மேகம். மழை இல்லை. குயில் காலையிலிருந்து ஒரே கத்தல், கழுத்தைத் திருகலாம் போல. அரிசியில் பூச்சி, புடைத்தேன்.

தம்பிக்குச் சோறு கொண்டுபோனேன். பேசவில்லை. அவன் "உப்பு சரியா இருக்குக்கா" என்றான். அதற்கும் பேசவில்லை.

பங்குனி 8, ஞாயிறு

கொண்டுபோய்விட்டார்கள்.

காலையில், கோயில் குழாயடியில், காப்புக்காரர்கள் எல்லாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது. வீட்டுக்கு வரவே இல்லை, நேரே கோயிலுக்கு. எங்கே இருப்பான் என்று தேடும் கஷ்டத்தைக்கூட நாங்கள் அவர்களுக்கு வைக்கவில்லை. ஈர வேட்டியோடு வண்டியில் ஏற்றினார்களாம். பூசாரி "காப்புக் கட்டின பையன்" என்று கெஞ்சியதற்கு ஒருத்தன் சிரித்தானாம்.

அம்மா கோயிலை விட்டு வர மாட்டேன் என்கிறாள். தோசை மாவு பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன். ஏன் பேசாமல் இருந்தேன்.

பங்குனி 9, திங்கள்

மத்தியானம் வரை பட்டாள முகாம் வாசல். நிழல் இல்லை. என்னைப் போல நிறையப் பேர். உள்ளே விடவில்லை. ஒரு பையை நீட்டினார்கள். வேட்டி, செருப்பு, மடிப்புக்குள் காப்பு, அறுந்து. முடி வெட்டினவன் அதையும் வெட்டிவிட்டானாம்.

காப்பைத் தண்ணீரில் விடுவதுதான் முறை. வரும் வழியில் பசுந்தாங் ஓடையில் போட்டேன். குப்பையில் சிக்கி நின்றது, போகவில்லை.

அம்மா கோயில் வாசலில் நின்றாள்.

"காப்பு?"

"கையிலதாம்மா இருக்கு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்போ தீ மிதிக்க விட்டுருவாங்க."

வேட்டியைப் பிடுங்கிக்கொண்டுபோய் அலச ஆரம்பித்தாள். திருவிழாவுக்குள் காயணுமாம்.