பேஸ்டிங் பகுதி வெயில்

காட்பாடி
18.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போனை எடுத்தாலே நமக்குள் சண்டை வருகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆம்பூர் தொழிற்சங்கக் கூட்டத்தில் நீ பேசியதை யாரோ வீடியோவாக அனுப்பியிருந்தார்கள். பூமி சூடாகிறது என்பது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை, நம் ஷூ ஆர்டரை வியட்நாமுக்குத் தூக்கிக்கொண்டு போகத்தான் இந்த ஆராய்ச்சியெல்லாம் என்று முழங்கினாய். கைதட்டல் ஜாஸ்திதான். என் சம்பளமே அந்த ஆராய்ச்சியில்தான் வருகிறது, அண்ணா.

உன்னை ஜெயிக்க எனக்கு ஆசையில்லை. அம்பிகா அண்ணியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. உங்கள் கம்பெனியில் அண்ணி ஷூ ஒட்டும் பேஸ்டிங் பகுதியில், பசை காய்ந்துவிடும் என்று காற்றாடியை நிறுத்திவிடுகிறார்கள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டுமே என்று பெண்கள் தண்ணீரும் குடிப்பதில்லை. இடம் மாற்றிக் கேட்கச் சொன்னால் அண்ணி சிரிக்கிறார். சங்கத் தலைவர் பொண்டாட்டியே இடம் மாற்றிக் கேட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்கிறார்.

இதோடு ஒரு வெப்பமானி அனுப்பியிருக்கிறேன். அண்ணி நிற்கும் இடத்துக்கு மேலே மாட்டு. ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் மேடை ஏறு.

உன் தங்கை
பொற்கொடி


மாதனூர்
27.4.2024

அன்புத் தங்கை பொற்கொடிக்கு,

நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள்.

வெப்பமானி வந்தது. செக்கிங் மேஜைக்கு மேலே, காற்றாடி ஓடுகிற இடமாகப் பார்த்து மாட்டினேன். முப்பத்து நாலு காட்டியது. போட்டோ எடுத்து சங்க வாட்ஸ்அப்பில் போட்டேன். சங்கச் செயலாளர் ஹபீப் பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

கோபப்படாதே. உங்கள் அறிக்கையைக் காட்டி, ஷூ வாங்குகிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இங்கே கேள்வி கேட்டுவிட்டது. ஆர்டர் போனால் இரண்டாயிரம் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நிழலில் உட்கார்ந்து பட்டினி கிடக்கலாம்.

கத்திரி வெயில் என்ன நேற்றா முளைத்தது? வெயிலுக்குப் பயந்தவன் வேலூர்ப் பக்கம் பிழைக்க முடியுமா? உன் அண்ணிக்கு ஒன்றும் ஆகாது. உனக்காக வற்றல் போட்டு வைத்திருக்கிறாள், வந்து வாங்கிக்கொண்டு போ.

அண்ணன்
தமிழ்வேந்தன்


காட்பாடி
2.6.2024

அண்ணா,

அண்ணியின் காரியத்தன்று நீ அழாமல், வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்க்க முடியாமல்தான் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

அண்ணிக்குப் பக்கத்தில் வேலை செய்த மஹ்பூபி அக்காவைப் பார்த்தேன். அண்ணி இறந்த அன்று மதியமே பேச்சு குழறியதாம். வேர்வை நின்றுபோய் உடம்பு கொதித்ததாம். வெளியே போய் உட்காரச் சொன்னதற்கு அண்ணி சொன்னது இதுதான்: “கை வர்ல மஹ்பூபி. இந்த ஜோடிய மட்டும் ஒட்டிட்டுப் போய்டறேன்.”

ஆஸ்பத்திரிச் சீட்டில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வெயிலால் இறந்தவர்களின் விவரத்தை நாங்கள் சேர்த்துவருகிறோம். குடும்பத்தார் சம்மதிக்காமல் ஒருவரையும் சேர்க்க முடியாது. உங்களுக்குப் பிள்ளையும் இல்லை, அண்ணிக்கு நீதான் குடும்பம். சம்மதம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவரைக் கொன்றது வெயில் என்று ஓர் இடத்திலாவது இருக்க வேண்டும்.

பொற்கொடி


மாதனூர்
20.6.2024

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதியது நிஜம். அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவன் நான். சுடுகிற பாத்திரத்தைப் பிடித்த மாதிரி இருந்தது. வெயில்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன்.

போன வாரம் சங்கத்தில் ஒருவன் எழுந்து, “இன்னா தலைவரே, அண்ணி வெயில்லதான் போய்ட்டாங்கன்றாங்களே?” என்று கேட்டான். இல்லை, நெஞ்சு வலி என்றேன். எல்லாருக்கும் முகத்தில் உயிர் வந்தது. அவள் பெயரைச் சொல்லி ஆர்டர் நின்றால், கூட வேலை செய்தவர்களே மண்ணை வாரித் தூற்றுவார்கள். செத்தவளுக்கு அந்தப் பழி வேண்டாம். எனக்காக இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. எனக்காகவும்தான். இத்தனை மேடையில் பேசிவிட்டு இனி எந்த முகத்தோடு மாற்றிப் பேசுவேன்?

வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஆடி மாதம் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போம்மா.

அண்ணன்
தமிழ்வேந்தன்


காட்பாடி
5.7.2024

அண்ணா,

நீ கேட்டபடி அண்ணியை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆம்பூர்ப் பக்கம் வெயிலுக்கு ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் மூன்று இருந்தன. மூன்று வீட்டுக்கும் நானே போனேன். தலைவரே போடாத கையெழுத்தை நாங்கள் எப்படிப் போடுவது என்று மூவரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அச்சுக்குப் போன அறிக்கையில் ஆம்பூருக்கு நேராக ‘எவருமில்லை’ என்று இருக்கிறது.

இனி நீ தைரியமாகக் கேட்கலாம். வெயிலில் செத்தவர் ஒருவரையாவது காட்டு என்று சவால் விடலாம். யாராலும் காட்ட முடியாது. என்னாலும் முடியாது.

ஆடிக்கு நான் வரவில்லை. இனி எழுதாதே.

பொற்கொடி