உன் பெயரில் வாசித்த மூன்று வாரங்கள்

போன வாரம் காலையில் என் மோட்டார் சைக்கிள் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. பிளக்கைக் கழற்றித் துடைக்கலாமென்று கருவிப் பெட்டியைத் திறந்தால், ஸ்பேனர்களுக்கு அடியில் உன் பிளக் சாக்கெட், அந்த இரும்புக் குழல், கிடக்கிறது. கிட்டார் உறையில் இருக்க வேண்டிய பொருள். வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்பிய என் மருமகன், பிளக் கழற்றும் சாமான் வேறெங்கே இருக்கும் என்று நினைத்து அங்கே போட்டிருக்கிறார். அவர் செய்ததும் நியாயம்தான். பெட்ரோல் வாடையோடு அதை எடுத்தவன், பிளக்கை மறந்துவிட்டு இடது கைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு நின்றேன். மனைவி வந்து, "வண்டிய சரி பண்ணப் போறீங்களா, மோதிரம் மாத்தப் போறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நான் கரங்கானில், நீ புக்கிட் செலம்பாவில். ஒரு பஸ் மாறினால் வந்துவிடக்கூடியவனுக்கு எதற்குக் கடிதம்? இப்போது எந்த பஸ்ஸும் உன்னிடம் வராது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

இந்தச் சாக்கெட் உன் விரலுக்கு வந்த கதையை நீயே நூறு தடவை சொல்லியிருக்கிறாய். எழுபதுகளில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவன், வழியில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு நீ வேலை செய்த பட்டறைக்கு வந்தான். சுவரில் தொங்கிய கிட்டாரைக் கேட்டு வாங்கினான். உன் மேசையிலிருந்த சாக்கெட்டைத் துடைத்து விரலில் மாட்டி, கம்பியை அழுத்தாமல் அதன்மேல் வைத்து இழுத்தான். சுருதி ஒரு படியிலிருந்து மறுபடிக்குக் காலெடுத்து வைக்காமல் வழுக்கிக்கொண்டே போனது. வண்டி சரியானதும் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தச் சாக்கெட் பிளக் கழற்றவே இல்லை. பட்டறை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

நம் குழுவில் நாலு பேர். பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாட சாமுவேல் சார், தமிழ்ப் பள்ளி ஆசிரியர். டிரம்ஸுக்கு லாரி ஓட்டிய அஜிஸ். ரிதம் கிட்டாருக்கு ரப்பர் பால் ஸ்டோர் குமாஸ்தாவான நான். முன்னால் நின்று வாசிக்க நீ. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் உன் பூசை முடிந்த பிறகு, பட்டறைக் கதவை இழுத்துவிட்டுப் பயிற்சி. கேசட்டில் இருப்பது ப்ளூஸ், பருத்திக் காட்டில் மாடாய் உழைத்த கறுப்பு மக்களின் பாட்டு என்று சாமுவேல் சார் விளக்கினார். நீ கிட்டாரைத் துடைத்தபடியே, "அப்ப நம்ம ஆளுங்கதான்" என்றாய். உன் விளக்கம் அவ்வளவுதான்.

நம்மைக் கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். சினிமாப் பாட்டுத்தான் வாசிக்கச் சொல்வார்கள். நீயும் நல்ல பிள்ளையாக ஆரம்பிப்பாய். மூன்றாவது பாட்டில் சாக்கெட் விரலேறிவிடும். ஒரு தோட்டத்துக் கல்யாணத்தில் நீ அப்படி இழுத்தபோது, மாப்பிள்ளையின் அத்தை பந்தியிலிருந்து எழுந்து வந்து, "தம்பி, இது கல்யாண வீடு. யாரு செத்துட்டாங்கன்னு இப்படி ஒப்பாரி வைக்கிற?" என்று கேட்டார். அஜிஸ் மலாய்க்காரன்தான், ஆனால் தமிழ் நன்றாகவே புரியும். சிரிப்பை அடக்க முடியாமல் கட்டையைக் கீழே போட்டான். நீ மட்டும் கோபப்படவில்லை. "ஒப்பாரின்னு தெரிஞ்சிருச்சுல்ல, அப்ப சரியாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றாய்.

அலோர் ஸ்டாரில் ஒரு கண்காட்சி மேடையில் நாம் வாசித்ததைக் கேட்டுவிட்டு, தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து வந்திருந்த ஒரு ஹோட்டல்காரர் நம்மைக் கூப்பிட்டார். ஹாட்யாய், சொங்க்லா, இன்னொரு சின்ன ஊர். மொத்தம் மூன்று வாரம். விளம்பரப் பலகை எழுத முன்னால் நிற்பவரின் பெயர் வேண்டும் என்றார். நாங்கள் மூவரும் உன்னைக் காட்டினோம். அவர் உன் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போனார். வேனில் ஏறினால் அரை நாளில் போய்விடும் ஊர்தான். ஆனாலும் நமக்கு அது வெளிநாடு. என் அம்மா கரங்கான் கடைத்தெரு முழுக்க, 'மகன் சீமைக்குக் கச்சேரி பண்ணப் போறான்' என்று சொல்லி வைத்திருந்தார்.

நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தோம். நீ வரவில்லை. "தவுக்கே லீவு குடுக்க மாட்டேங்கிறாரு. நான் பொறவு தனியா எடுத்துக்கறேன்லா" என்றாய். நாங்களும் நம்பினோம். அந்த வாரத்திலிருந்துதான் என்னைப் பிடித்துக்கொண்டாய். ஞாயிறு மட்டும் போதாதென்று வாரத்தில் இரண்டு சாயங்காலம் வேறு. நீ வாசிக்கும் ஒவ்வொரு துண்டையும் நான் வாசிக்க வேண்டும். சாக்கெட்டை என் விரலில் திணித்துவிட்டு, தப்பாக வழுக்கினால் மறுபடி, மறுபடி.

"நீ இருக்கறப்ப எனக்கு எதுக்குடா இது?" என்று கேட்டேன்.

"சைலென்சர்ல எனக்குக் கை வெந்துருச்சுன்னா? மூணு வாரமும் ஹோட்டல்காரன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பியா? வாசிலா."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன் திறமையைக் காட்டி என்னை மட்டம் தட்டுகிறாய் என்று நினைத்தேன். ஒரு நாள் சாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் நீ என் ஸ்டோர் வாசலில் வண்டியோடு நின்றாய். மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் பேசவில்லை. "நாலாவது பாட்டுல ரெண்டாவது இழுப்பு இன்னும் சரியில்ல" என்று மட்டும் சொன்னாய். நானும் வெட்கமில்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

புறப்பட்ட நாள் காலை அஜிஸின் வேன். நீ எல்லாருக்கும் முன்னால் வந்து பெட்டிகளை ஏற்றினாய். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாய். வழியெல்லாம் அஜிஸைச் சீண்டிக்கொண்டே வந்தாய். எல்லைக்குச் சற்று முன்னால் சங்லூனில், "ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்று வேனை நிறுத்தச் சொன்னாய். கோப்பி வந்ததும், சட்டைப் பையிலிருந்து உன் அடையாள அட்டையை, ஐசியை, எடுத்து மேசைமேல் வைத்தாய். சிவப்பு.

குடிமக்களுக்குத்தான் நீலம், சிவப்பு ஐசிக்காரனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. இத்தனை வருடப் பழக்கத்தில் உன் ஐசியின் நிறத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நீ ரப்பர் தோட்டத்து லய வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்தவன். பிறந்ததைப் பதிய டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போனால் அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் விழாது, அந்த நாள் கூலி போய்விடும். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று உன் அப்பா போகவே இல்லை. பிறகு உனக்குச் சிவப்பு ஐசி கொடுத்தபோது, "நீலம்னா என்ன, செவப்புன்னா என்ன, ரெண்டுலயும் நம்ம மூஞ்சிதானே" என்றாராம். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் தேவைப்படும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நீ நீல ஐசிக்கு எழுதிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே பதில்தான் ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது.

"கேன்சல் பண்ணிடலாம்" என்றேன். சாமுவேல் சாரும் தலையாட்டினார்.

உனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "ரெண்டு மாசமா எதுக்குலா உன் விரல ஒடைச்சேன்? போ. கிட்டார் வேன்லயே இருக்கு." சாக்கெட்டை என் சட்டைப் பையில் போட்டாய். எதிர்ப்பக்கம் போய் அலோர் ஸ்டார் பஸ்ஸுக்கு நின்றாய். வேன் திரும்பும்போது பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஒன்றுமில்லாமல் நின்றாய். கைகாட்டவில்லை.

உன்னிடம் கடைசிவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. அதே நேரத்தில் உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. முன்னால் நிற்கப்போவது நான். அந்தச் சந்தோஷத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஹாட்யாய் ஹோட்டல் வாசலில் ஆளுயரத்துக்குப் பலகை. மேலே தாய் எழுத்து, கீழே ஆங்கிலத்தில் உன் பெயர். சுவருக்குச் சுவர் அதே பெயரோடு சின்னச் சின்ன அச்சுத்தாள்கள். மாலை ஏழு மணிக்கு அறிவிப்பாளர் உன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினார். திருத்தியிருக்கலாம். சாமுவேல் சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. நான் தலை வணங்கினேன்.

நன்றாகவே வாசித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். நாலாவது பாட்டின் இரண்டாவது இழுப்பு ஒரு நாள்கூடத் தப்பவில்லை. சொங்க்லாவுக்குப் போனபோது உன் பெயரை யாராவது கூப்பிட்டால் என் தலை தானாகத் திரும்பியது. கடைசி ஊரில் ஒரு பெண் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். உன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் நான் செய்த மிகப் பெரிய திருட்டு அதுதான்.

திரும்பி வந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்தேன். நீ ஒரு வண்டியின் சங்கிலியைக் கோத்துக்கொண்டிருந்தாய். நிமிராமலே, "சாக்கெட் நழுவுச்சா?" என்று கேட்டாய். "இல்ல" என்றேன். "என்ன சொல்லி அறிவிச்சாங்க?" என்றாய். "உனக்கு ஒடம்பு சரியில்ல, உனக்குப் பதிலா நான்னு சொன்னாங்க" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். கொண்டு வந்த அச்சுத்தாளைப் பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்தேன். கிட்டாரை வாங்கிக்கொண்ட நீ, சாக்கெட்டை மட்டும் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாய்.

அதற்குப் பிறகு எனக்குச் சிங்கப்பூர், மேடான் என்று அழைப்புகள் வந்தன. சில தடவை போனேன். நீ ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்தாய், தவுக்கே ஓய்வெடுத்தபோது பட்டறையை நீயே எடுத்துக்கொண்டாய். உன் நீல ஐசி வந்தபோது எண்பதுகள் பாதி கடந்திருந்தன. சொல்லி அனுப்பினாய், ஓடி வந்தேன். அன்றைக்குத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. அச்சுத்தாளை உன் முன்னால் விரித்து, கையெழுத்துப் போட்டது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ கிரீஸ் படிந்த விரலை உன் பெயரின்மேல் படாமல் ஓட்டிப் பார்த்தாய். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

"பரவால்லலா. எனக்கு முன்னாடியே எம்பேரு போயி பார்த்துட்டு வந்துருச்சு" என்றாய்.

பிறகு அதைக் கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினாய். "அண்ணே, நீங்களா இது?" என்று கேட்பவர்களுக்கு உன்னிடம் ஒரே பதில்: "பேரு போட்டிருக்குல்ல?" நீ பொய் சொல்லவில்லை. மெய்யும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லி நான் எத்தனையோ தடவை நச்சரித்தேன். "அதான் போயிட்டு வந்தாச்சே" என்று சிரித்து மழுப்பிவிடுவாய். கடைசிவரை நீ எடுக்கவே இல்லை.

உன் அடக்கப் பூசையன்று கோயில் நிரம்பியிருந்தது. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்யும் உன் மகள் ஒலிபெருக்கியின் முன்னால் நின்று, "எங்க அப்பா தாய்லாந்துல மூணு வாரம் கச்சேரி பண்ணவரு. அந்தக் காலத்துலயே வெளிநாடு போனவரு" என்று சொன்னாள். அவளுக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்து என்னைப் பார்த்து, "மாமாவும் கூடப் போனாங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க மாமா" என்றாள்.

சாமுவேல் சார் உனக்கு முன்பே போய்விட்டார். பின்வரிசையில் அஜிஸ், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொத்தக் கோயிலிலும் உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எழுந்து போனேன். சட்டைப் பையில் சாக்கெட் இருந்தது.

"ஆமா. ஹாட்யாய் மேடையில நானும் இருந்தேன். அவன் முன்னால நின்னு வாசிச்சான். நான் பின்னால ரிதம்" என்றேன்.

அஜிஸ் தலையாட்டினான். கோயிலில் நின்று பொய் சொன்னதற்கு உன் பாதிரியார் என்னை மன்னிப்பாரோ என்னவோ. எனக்கு அது பொய்யாகப் படவில்லை. அந்த மூன்று வாரமும் என் கையில் ஓடிய ஒவ்வொரு இழுப்பும் உன்னுடையது.

சாக்கெட்டைத் துடைத்து மறுபடி கிட்டார் உறையில் வைத்துவிட்டேன். மருமகனிடமும் சொல்லிவிட்டேன். விரல் மெலிந்துபோனதால் இப்போது ஒரு சுற்றுத் துணி சுற்றித்தான் மாட்டிக்கொள்கிறேன். வாசித்தும் பார்த்தேன், நாலாவது பாட்டு. நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: நழுவவில்லை.