நீ பார்க்காத பாதி

வியாழக்கிழமை, மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் இங்கே மகள் வீட்டில் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கும் வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்த கதையைத் தங்கச்சி இன்று காலை போனில் சொல்லிவிட்டாள். மறுநாள் ஆபரேஷன் என்று மார்பில் முடியெல்லாம் மழித்துவிட்ட பிறகு, அவள் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, சட்டையை மாட்டிக்கொண்டு வண்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாயாம். அவளைத் திட்டாதே. நீ தூங்குகிறாய் என்று நினைத்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் பேசினாள். அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது பாதி எனக்குக் கேட்கவில்லை. இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு என்பதும், டாக்டர் திங்கட்கிழமை வரைக்கும்தான் பொறுப்பார் என்பதும், கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ ஒற்றைக் காலில் நிற்கிறாய் என்பதும் மட்டும் நன்றாகக் கேட்டன.

உடனே உனக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் கத்தினேன். நீ ரொம்ப நிதானமாக, "சைரனுக்கு என்ன ஆச்சுன்னு கூட இருந்து பார்த்தவன்தானே நீ, நீயே இப்படிச் சொல்றியா" என்று கேட்டாய். சைரன் என்று நாம் பட்டப்பெயர் வைத்த நம் மில் போர்மேன் ஆபரேஷன் மேஜையிலேயே போய்ச் சேர்ந்ததைத்தான் நினைவுபடுத்தினாய். அதற்கு நான், "அப்படின்னா செத்துத் தொலை" என்று என் வாயால் சொல்லிவிட்டேன். நீ வைத்துவிட்டாய். அதன் பிறகு ஒன்பது தடவை அடித்துப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. அந்த வார்த்தையை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளை. நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மருமகனின் ஆபீஸில் வேலை பார்ப்பவர் ஒருவர் நாளைக் காலை விமானத்தில் கிளம்புகிறார். சனிக்கிழமை நம் ஊரில் இருப்பார். அவர் கையில் கொடுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன். எட்டு மணிக்குள் கவரை ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று மகள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. இதை நீயே படி. வாய்விட்டுப் படிக்காதே.

நடுவில் ஒரு சினிமாக் கதை வரும். கிழவனுக்கு இந்த நேரத்திலும் சினிமாவா என்று பல்லைக் கடிக்காதே. அதைச் சொல்லாமல் விஷயத்துக்கு வர எனக்கு வழி தெரியவில்லை.

ஜப்பான் படங்களைப் பெட்டியில் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிற விழா ஒன்று இங்கே வந்திருக்கிறது. பெரிய நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அரங்கு. மூன்று நாள், மூன்று படம், அப்புறம் அடுத்த ஊர். வீட்டில் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று மகள் மூன்று நாளுக்கும் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். முதல் நாள் கத்திச் சண்டைப் படம். இரண்டு பேர் புல்வெளியில் எதிரெதிரே நிற்கிறார்கள், நிற்கிறார்கள், நின்றுகொண்டே இருக்கிறார்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டார். எனக்கோ உள்ளங்கை வியர்த்துவிட்டது. நீ இருந்திருந்தால், "சீக்கிரம் வெட்டுங்கடா, மணி நாலாச்சு" என்று சொல்லியிருப்பாய். அதை நினைத்து நான் தனியாகச் சிரித்ததில் முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். நேற்று ஒரு குடும்பமே தொலைந்துபோன குடையைத் தேடுகிற படம். சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, மகள் முதுகில் தட்டினாள். இரண்டு நாளும் அவள் கூடவே இருந்தாள். இன்று அவளுக்கு வேலை. தனியாகத்தான் போனேன்.

காலையில் உன்னிடம் அப்படிப் பேசிவிட்டுப் படத்துக்கும் போனாயா என்று கேட்பாய். வீட்டில் இருந்தால் போனையே வெறித்துக்கொண்டு இருப்பேன் என்றுதான் கிளம்பினேன்.

மில் கேட்டுக்கு எதிரே இருந்த தியேட்டரில் இப்படிப்பட்ட வெளிநாட்டுப் படமெல்லாம் வார நாளில் மதியக் காட்சி மட்டும்தான். காலை எட்டு மணி ஷிப்டில் ஒருத்தன், மாலை நாலு மணி ஷிப்டில் ஒருத்தன், வாரத்துக்கு வாரம் மாறும், இருவருக்கும் ஒரே மெஷின். நாலு மணி ஷிப்ட்காரன் முன்பாதியைப் பார்த்துவிட்டு இடைவேளையில் எழுந்து வந்து, மில் கேட்டில் கிழிந்த டிக்கெட்டை மற்றவன் கையில் திணித்து, கதையை இருபது வார்த்தையில் சொல்லிவிட்டு வேலைக்கு உள்ளே ஓட வேண்டும். மற்றவன் போய் மீதியைப் பார்ப்பான். இடைவேளைக்குப் பிறகு வரும் முதல் பத்து நிமிஷத்தை நம் இருவரில் யாருமே எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அதில் என்ன நடந்திருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாமே இட்டுக்கட்டினோம். பதினோரு வருஷம். அந்தப் பழக்கத்தில்தான் உனக்கு என் வீட்டு வாசல் பழகி, என் தங்கச்சியைக் கட்டி, எனக்கு மாப்பிள்ளை ஆனாய்.

இன்னொன்றும் இன்று சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன பின்பாதிகளில் ஒருத்தர்கூடச் செத்ததில்லை. பல வருஷம் கழித்து அதில் இரண்டு படத்தை டிவியில் முழுசாகப் பார்த்தேன். இரண்டிலும் கதாநாயகன் காலி. எனக்குப் படுபாவி என்று உன்னைத் திட்டத் தோன்றியது, கூடவே கட்டிக்கொள்ளவும் தோன்றியது. உன்னிடம் கேட்கவில்லை.

இன்றைய படம் கறுப்பு வெள்ளை. ஒரு சின்ன ரயில் நிலையம், அதில் டீ விற்கிற ஒரு பெண். புருஷன் கடலில் போய்விட்டான் என்று ஐந்து வருஷம் அழுதுவிட்டு, அங்கே சிக்னல் போடுகிற ஆளைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். அவளுக்கு ஒரு தந்தி வருகிறது. பழைய புருஷன் உயிரோடு இருக்கிறான், சாயந்திர ரயிலில் வருகிறான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கழுவிய கிளாஸையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாள். நிமிஷக் கணக்கில் அவள் கையை மட்டுமே காட்டுகிறார்கள். தகரக் கூரையில் மழை. அரங்கில் ஒருத்தர் இருமவில்லை. அந்த ரயிலுக்குச் சிக்னலை இறக்கிவிடப் போகிறவனே இரண்டாவது புருஷன்தான், பாவம், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கம்பியை இழுக்கிறான். எனக்கு உன் நினைப்பெல்லாம் அந்த நேரம் மறந்துபோயிற்று, பொய் சொல்லவில்லை. ரயில் வந்து நிற்கிறது. ஒரு கதவு திறக்கிறது.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

சிரிக்காதே. கால் தானாக எழுந்து நடந்தது. அந்த இடத்தில் நம் தியேட்டரில் விளக்குப் போட்டிருப்பார்கள். தாழ்வாரத்துக்கு வந்து, உள்ளங்கையில் டிக்கெட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு, கேட் எந்தப் பக்கம் என்று தேடுகிறேன். அப்போதுதான் உறைத்தது. இங்கே இடைவேளையே கிடையாது. திரும்பிப் போனால் கதவருகே நின்ற பெண், வெளியே வந்தவர்களை மறுபடி உள்ளே விடுவதில்லை என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினாள். மரியாதையாகத்தான் காட்டினாள். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் கெஞ்சினேன், அவள் அதைவிட மரியாதையாக மறுத்தாள்.

எதிரே இருந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவு வழியாகச் சத்தம் மட்டும் வந்தது. ரயில் கிளம்பியது. ஒரு பெண் அழுதாளா சிரித்தாளா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் கூட்டம் வெளியே வந்தபோது, என் வயசு இருக்கும் ஒரு அம்மாவை நிறுத்தி, என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, என் தோளைத் தட்டி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மூன்று பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றாள். அவள் கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன, கையில் இருந்த கைக்குட்டை நனைந்து போயிருந்தது.

பார்க்காதவனுக்கு வேறு போக்கு இல்லை, சொன்னதை நம்பித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீயும் அப்படித்தான் என்னை நம்பினாய்.

மாப்பிள்ளை, சைரன் ஆபரேஷனில் சாகவில்லை. அவருக்கு ஆபரேஷனே நடக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை நான் காபி வாங்கி வந்தபோது அவர் கட்டில் காலி. தேடிக்கொண்டு ஓடினேன். தெருமுனை பஸ் நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி அங்கிமேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். அறுபது பேரை ஒரு சத்தத்தில் நிறுத்தி வைக்கிற மனுஷன், என்னைப் பார்த்ததும், "எம்மேல கத்தி வைக்க விட்டுடாதேப்பா" என்று குழந்தை மாதிரி அழுதார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவரை, மில் ஆட்களோ பிள்ளைகளோ இல்லாத அவர் மனைவியின் கிராமத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டேன். பதினோராம் நாள், நாற்காலியில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அன்றைக்கு ஆபரேஷன் செய்ய விட்டிருந்தால் இன்னும் இருபது வருஷம் இருந்திருப்பார் என்று பெரிய டாக்டர் என்னிடமே சொன்னார்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயந்து ஓடினார்னு வெளியில வர வேணாம் தம்பி, ஆபரேஷன்ல போயிட்டார்னே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். மில் முழுக்கச் சொன்னேன். உன்னிடம் சொன்னபோது நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய், நானும் டாக்டர் கையுறையைக் கழற்றியது, தலையை ஆட்டியது என்று சேர்த்துக்கொண்டே போனேன். கத்தி வைக்கிற வாசப்படியை மிதிக்கவே மாட்டேன் என்று நீ அன்றைக்குத்தான் சொன்னாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஒரு சாக்கு. அவரை அந்த நிறுத்தத்திலிருந்து திருப்பிக் கூட்டிப் போகாமல் விட்டவன் நான் என்று உனக்குத் தெரியக் கூடாது, அதுதான் நிஜம்.

இன்று படம் விட்டு வீட்டுக்கு வந்ததும் சைரனின் மனைவிக்குப் போன் செய்து உன் நிலைமையைச் சொன்னேன். "சொல்லிடுங்க தம்பி. எம் புள்ளைங்க காதுக்கு மட்டும் போக வேணாம்" என்றார். அதனால் படித்ததும் கிழித்துப் போடு. தங்கச்சியிடமும் சொல்ல வேண்டாம்.

நீ செய்திருப்பது சைரன் செய்த அதே வேலைதான். அவருக்குப் பதினோரு நாள் கிடைத்தது. உனக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது. உடனே கிளம்பி வரலாம் என்று மகளை விட்டு விமானத்தில் இடம் கேட்கச் சொன்னேன். புதன்கிழமைக்கு முன்னால் இல்லையாம். திங்கட்கிழமை உன்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போக நான் இருக்க மாட்டேன். உனக்குப் பயமாக இருக்கும். இருக்கட்டும். பயத்தோடேயே போ. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொள். அவள் வெளியில் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

என்மேல் உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறேன். நான் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள். ஆறு மாதம் என்ன, ஆறு வருஷம் என்னோடு பேசாமல் இரு. ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் பேசாமல் இருப்பதற்காவது நீ இருக்க வேண்டும், மாப்பிள்ளை. கையெழுத்தைப் போட்டுவிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்கத் தெரியாத,
உன் மச்சான்