லிஸ்ட்ல கிடக்குற பேரு

மே 5, வியாழன்
சங்கரன்கோவில் முழுக்க அடுப்பு. கடைத் தகரத்தத் தொட முடியல. பனவடலிசத்திரத்து அண்ணாச்சி மோட்டார், அஞ்சு எச்.பி., காயில் கருகிப் போச்சு. புதுக் காயில் பாதி கட்டியாச்சு. கிணத்துல சொட்டுத் தண்ணி இல்லையாம். பெறகு என்ன அவசரம்னேன். "வே, மழ பேஞ்ச பெறவா உம்மத் தேடி ஓடி வரணும்? எம் பொண்டாட்டியும் இதத்தான் கேட்டு ஏசுதா. நீருமா?"

என் வீட்டுக்காரி கிரேஸ் போயி ஏழு மாசம். மஞ்சக்காமாலை. ஒம்பதே நாளு. ஜெபம்: வாய் அசையுது. லைன்ல சப்ளை இல்ல.

6 வெள்ளி
வாங்க: வார்னிஷ், ஈயம், பிளேடு. சவரம் பண்ணி நாலு நாளாச்சு.

புதன்கிழம கல்யாண நாள். மூணு வருஷம். எங்க வேதக் கோயில்ல அந்தந்த வாரத்துக் கல்யாண நாள ஞாயித்துக்கிழம வாசிச்சு, ஜோடியா முன்னால கூப்பிட்டு ஜெபிப்பாங்க. எங்க பேரும் லிஸ்ட்ல கிடக்கும். எடுக்கச் சொல்லத்தான் அத வாசிக்குற உபதேசியார் வீட்டுக்குப் போனேன். "மைக்கு கொர்ருங்குது, பாத்துக்க தம்பி"ன்னாரு. கண்ணுல புரை, வயசாளி, மறதி வேற. சரின்னுட்டு வந்துட்டேன். சொல்லல.

7 சனி
கிரேஸோட அண்ணன் வந்தாரு. "மாப்ள, நாளைக்கு ஒருநா கோயிலுக்கு வராண்டாம். ஆண்டவர் என்ன அட்டெண்டன்ஸா எடுக்காரு?" மைக் செட்ட யாரு பாப்பான்னேன். "மைக்கு இல்லாமலே உபதேசியார் சத்தம் கரிவலம்வந்தநல்லூருக்குக் கேக்கும்." சிரிச்சோம். கொஞ்சம்.

போவேன். விசுவாசமான்னு தெரியல. ஒரு வாரம் விட்டா அத்தோட விட்டுப் போயிரும்னு பயம்.

8 ஞாயிறு
வாசிச்சுட்டாரு. "கல்யாண நாள், சாமுவேல், கிரேஸ். ரெண்டு பேரும் முன்னால வாங்க." பொம்பளைங்க பக்கம் ஒருத்தி "ஐயோ"ன்னா. என் கை ஆம்ப்ளிஃபயர் சுவிட்ச்ல. அமத்தியிருக்கலாம். அமத்தல. எந்திச்சுப் போயி தனியா நின்னேன்.

கிட்டத்துல பாத்த பெறகுதான் அவருக்கு வெளங்கிச்சு. இன்னும் அநேக வருஷம் சேந்து வாழக் கிருபை தாரும்னு ஜெபிக்கணும். வாய் வரல. நோட்ட மூடுறாரு, தொறக்காரு. என்னால பாக்க முடியல. நானே பரமண்டல ஜெபத்த ஆரம்பிச்சேன். எல்லாரும் சேந்துக்கிட்டாங்க. ஆண்டவர் சித்தம் ஆகட்டுங்குற எடத்துல எனக்கு நின்னு போச்சு. அவங்க சொன்னாங்க. ஆகாரம் கேக்குத வரியில திரும்பச் சேந்துக்கிட்டேன்.

9 திங்கள்
காயில் முடிஞ்சுது. மோட்டார் ஓடுது. உபதேசியார் கடைக்கே வந்துட்டாரு, லிஸ்ட் நோட்டும் பேனாவுமா. ஸ்டூல்ல உக்காந்து பேனா மூடியத் தொறந்தாரு.

"தம்பி, பேர அடிச்சிரட்டுமா?"

"கிடக்கட்டும். அடுத்த வருஷமும் வாசிங்க. வாரேன்."