பூவரசுக் கட்டையின் எடை

3-2-1974, ஞாயிறு

மரக்கடைசல் கழகத்தின் மாதக் கூட்டம். இடம் வழக்கம்போல் செயலாளர் எல்லப்பனுடைய சைக்கிள் கடையின் பின்கொட்டகை. அறிவிப்பில் மாலை ஐந்து மணி. தொடங்கியது ஐந்து பதினேழுக்கு. வந்தோர் பதினொருவர்.

ஆண்டுப் போட்டி மார்ச் 17ஆம் தேதி. இவ்வாண்டு கடைய வேண்டிய பொருள் மூடியுள்ள வட்டப் பெட்டி. ஏப்ரல் 7ஆம் தேதி மாமல்லபுரத்தில் செய்முறைக் காட்சி. இதுவரை எல்லாம் சரி. அடுத்து எல்லப்பன் சொன்னது: "அஞ்சு வருசமா நீங்கதான் சார் உளி புடிக்கிறீங்க. இந்த வாட்டி ஜெயினுலாபுதீன் பாய் புடிக்கட்டும். நீங்க சக்கரம் சுத்துங்க. மாறி மாறிப் பண்ணா ஒரு ஜாலிதானே?"

கடற்கரையில் மின்சாரம் கிடையாது. கைச்சக்கரம் வைத்த பழைய கடைசல் இயந்திரத்தையே கொண்டுபோகிறோம். ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர் உளி பிடிப்பார். 1969 முதல் ஐந்து முறையும் உளி என் கையில், சக்கரம் ஜெயினுலாபுதீன் கையில். அவர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், புஜபலம் உண்டு.

எல்லப்பன் பேசும்போது ஜெயினுலாபுதீன் தலை குனிந்துகொண்டிருந்தார். முன்பே பேசி வைத்திருக்கிறார்களா?

4-2-1974, திங்கள்

போட்டிக்கென்று பூவரசுக் கட்டையை எடுக்க வீட்டின் பின்னறையைத் திறந்தேன். கட்டை இல்லை.

மீண்டும் எழுதுகிறேன்: கட்டை இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் சாய்ந்த மரத்திலிருந்து நானே அறுத்து வாங்கி 12-11-1966 அன்று கொண்டுவந்தது. அடியில் ஊதா நிறக் காப்பியிங் பென்சிலால் மரம், ஊர், தேதி மூன்றையும் எழுதி, காய்வதற்காக வைத்தது. என் மனைவி கன்னியம்மா காலமான பின் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் அரைஞாணில் இருக்கிறது. பூட்டு உடைபடவில்லை. ஆகவே, எடுத்தவனிடம் இன்னொரு சாவி இருந்திருக்க வேண்டும்.

5-2-1974, செவ்வாய்

சமையலுக்கு வரும் முனியம்மாவை விசாரித்தேன். அடுப்பில் வைத்திருப்பாளோ என்ற ஐயம்.

"ஐயே! ரெண்டு வருசமா இந்த வூட்ல அடுப்பு ஊதிகினு கீறேன். வெறகு குச்சியக்கூட நீ எண்ணி வெச்சிகினு கீறியே ஐயா, அவ்ளோ பெரிய கட்டய எங்கேந்து எரிக்கறது? சோறு வேணுமா, போலீஸ் வேணுமா, ஒண்ணு சொல்லு."

பதில் துடுக்கானது. ஆயினும் விறகுக் கணக்கு சரியாகவே உள்ளது. சந்தேகப் பட்டியலிலிருந்து அவளை விலக்கிவிட்டேன்.

9-2-1974, சனி

மூன்று நாட்களாகப் பின்னறைக் கதவில் இரவுதோறும் கறுப்பு நூல் கட்டிவைத்துக் காலையில் சோதிக்கிறேன். இன்று நூல் அறுந்திருந்தது. நேற்று மாலை விளக்குத் திரி எடுக்க நானே உள்ளே போனது காப்பி குடிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

12-2-1974, செவ்வாய்

பூட்டு எங்கே வாங்கியது? ஜெயினுலாபுதீன் கடையில். அங்கே விற்கும் பூட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி. எனக்கு வந்தது ஒன்று. மற்றொன்று?

24-2-1974, ஞாயிறு

போட்டிக்கு முந்தைய பழகுநாள். அவரவர் வேலையை மேசைமீது பரப்பி, குறைநிறை பேசும் வழக்கம். ஜெயினுலாபுதீன் துணியால் சுற்றிய ஒன்றை வைத்தார். வட்டப் பெட்டி, மூடி, உள்ளே ஐந்து சிறு கிண்ணங்கள். அஞ்சறைப் பெட்டி. பூவரசு. வரிகள் தேன் நிறத்தில் ஓடுகின்றன.

கன்னியம்மா என்னிடம் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான், அந்தக் கட்டையில். அது இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

தேநீர் வந்தபோது எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில், நடுவில், ஒரு ரூபாய் அகலத்துக்குக் கடையாமல் விட்டிருக்கிறது. அதில் ஊதா எழுத்து. பூவரசு. சதுரங்கப்பட்டினம். 12-11-66. என் கை. என் ஆறுகள்!

அழிக்கக்கூட இல்லை. அவ்வளவு திமிர்! இந்தக் கிழவன் திருப்பிப் பார்க்கமாட்டான் என்ற நினைப்பு. பதினாறு வருஷப் பழக்கம்— என் வூட்டுக்குள்ள பூந்து, என் பொண்டாட்டி பொருளு இருக்கற அறையில— நிறுத்துகிறேன்.

25-2-1974, திங்கள்

செயலாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். இரண்டு பக்கம். பிரதி என்னிடம் உள்ளது.

3-3-1974, ஞாயிறு

கூட்டம் ஐந்து மூன்றுக்குத் தொடங்கியது. எல்லப்பன் என் புகாரைப் படித்தார். படிக்கும்போதே, "இன்னா சார் இது, கட்டைக்கெல்லாமா பொறந்த தேதி எழுதி வெப்பாங்க?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் மேசைமீதிருந்த பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"பாய், இந்தக் கட்டை ஒங்களுக்கு எப்படி வந்திச்சி?" என்று எல்லப்பன் கேட்டார்.

"குடுத்தாங்க."

"யார் குடுத்தது?"

"அத்த சொல்றதுக்கு இல்ல."

எவ்வளவு வசதியான பதில்! நான் எழுந்து நின்று, இரும்புக்கடைக்காரரிடம் எத்தனை மாற்றுச் சாவி இருக்கிறது என்று கேட்டேன். அவர் முகம் கறுத்தது. என்னைப் பார்த்து, வெகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணாத்த, நீ 'சொல்லு'ன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் சொல்றேன்."

மிரட்டுகிறாரா? என்னைப் பற்றி எதைச் சொல்லிவிட முடியும்? "உம்மிடம் எனக்குப் பேச்சில்லை" என்றேன்.

அவர் தன் உளிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுருட்டினார். பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியேறினார். நான் புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் 17ஆம் தேதி கூட்டத்தில் அவர் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவதென முடிவு. ஆறு பேர் கை தூக்கினார்கள். எல்லப்பன் தூக்கவில்லை.

6-3-1974, புதன்

பஜாரில் பேச்சுப் பரவிவிட்டது. பூட்டு வாங்க வந்த ஒருவர் ஜெயினுலாபுதீனிடமே "ஸ்பேர் சாவி எத்தினி வெச்சிக்குவ பாய்?" என்று கேட்டாராம். முனியம்மா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். குழம்பில் உப்பு அதிகம். வேண்டுமென்றே போட்டாளா?

10-3-1974, ஞாயிறு

எல்லப்பன் வீட்டுக்கு வந்தார். தீர்மானப் புத்தகத்தில் எழுத ஒரு விவரம் வேண்டுமாம். "கட்டைய கடைசியா எப்ப சார் கண்ணால பாத்தீங்க? தேதி சொல்லுங்க. ஒரு மனுசன் பேரு போவப்போவுது. தேதியாவது கரெக்டா இருக்கட்டும்."

நியாயமான கேள்வி. ஆண்டுதோறும் நவம்பர் 12 அன்று அக்கட்டையை எடை போட்டு நாட்குறிப்பில் எழுதுவது என் வழக்கம். எடை குறைவது நின்றால் ஈரம் போயிற்று என்று பொருள். 1971 நவம்பரில் போட்ட எடைதான் கடைசி, அதன் பின் கட்டையை எடுத்துப் பார்க்கவில்லை. தேதியும் எடையும் நாளை தருவதாகச் சொன்னேன்.

11-3-1974, திங்கள்

பழைய நாட்குறிப்புகள் பின்னறை டிரங்குப் பெட்டியில் உள்ளன. எடுத்தேன். வரிசையாகக் குறிக்கிறேன்:

1966: ஒன்பது கிலோ நானூறு கிராம்.
1967: ஏழு கிலோ எழுநூறு.
1968: ஆறு கிலோ ஐந்நூறு.
1969: ஆறு கிலோ நூற்றைம்பது.
1970: ஆறு கிலோ நூற்றைம்பது. அதன் கீழே என் கையெழுத்தில்: "சென்ற ஆண்டும் இதே எடை. எனினும் மேலும் ஓராண்டு பொறுக்கலாம் என்றேன். கன்னியம்மா: 'மரம் காயுதோ இல்லியோ, நான் காஞ்சிடுவேன்.'"

காய்ந்திருக்கிறது. 1969லேயே காய்ந்திருக்கிறது.

1971ஆம் ஆண்டு நாட்குறிப்பு சணல் கயிற்றால் கட்டியிருந்தது. நான்தான் கட்டியிருக்க வேண்டும். நவம்பர் 12ஆம் பக்கம் வெறுமை. முன்னும் பின்னும் வெறுமை. நாற்பத்தொரு வருடங்களில் ஒரு நாள்கூட விட்டதில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்! பின்னோக்கித் தள்ளினேன். கடைசியாக எழுதிய பக்கம் 23-10-1971, சனி. அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். ஜெயினுலாபுதீன் மட்டும் இருந்தார். பூவரசுக் கட்டையை எடுத்துப் போகச் சொன்னேன். மறுத்தார். அவள் அஞ்சறைப் பெட்டி கேட்டதையும் நான் தள்ளிப்போட்டதையும் சொன்னேன். என் கண்ணில் இது படக்கூடாது, இதைப் பற்றி என்னிடமோ பிறரிடமோ வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். நாளை அறைக்குப் பூட்டுப் போட வேண்டும். எடை பார்க்கவில்லை."

என் கை. என் ஆறுகள் இல்லை, ஆனால் என் ஒன்றுகள், என் மூன்று.

இது எனக்கு நினைவே இல்லை. இப்போதும் நினைவில்லை. சைக்கிள் நினைவில்லை, அவர் மறுத்தது நினைவில்லை. பதினாறாம் நாள் மழை பெய்ததா? அதுகூடத் தெரியவில்லை.

12-3-1974, செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை என்று எழுதினால் அது பொய்.

13-3-1974, புதன்

காலை பத்து ஐந்துக்கு ஜெயினுலாபுதீன் கடைக்குப் போனேன். அச்சரப்பாக்கத்துக்காரர் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து முடிக்கும்வரை நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"23-10-1971 அன்று உம்மிடம் வாங்கிய சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். ஆணி வாங்கியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தேதியெல்லாம் நமக்குத் தெரியாது அண்ணாத்த. அண்ணிக்கு காரியம் ஆன அன்னிக்குதானே?"

"ஆம்."

"அப்பாடா." தராசுத் தட்டைத் துடைத்தார். "ரெண்டு வருசமா நாக்கு நுனியில நின்னுகினு கீது. வாங்கினவன் மறந்துட்டான், குடுத்தவன் மட்டும் மறக்கக்கூடாதாம். நல்ல பேஜாரு."

பெட்டியை ஏன் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார் என்று கேட்டேன்.

"வாயத் தொறக்கக்கூடாதுன்னுதானே சொன்ன? காட்டக்கூடாதுன்னு சொல்லலியே. நீயா பாக்கணும், நீயா கேக்கணும், அப்ப குடுத்துடலாம்னு இருந்தேன். ஒன் கையெழுத்த பாத்தா ஞாபகம் வரும்னு விட்டு வெச்சேன். ஒனக்கு போலீஸ்தான் ஞாபகம் வந்திச்சி."

பிறகு அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "திருடன்னு சொன்னதுகூட போவட்டும் அண்ணாத்த. சாவின்னு சொன்ன பாரு. நான் பூட்டு விக்கறவன். அத்த சொல்லியிருக்க வாணாம்."

ஆணி வாங்கியவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட கேட்டது சரி," என்றார் ஜெயினுலாபுதீன். "அங்க பத்து பேரு கீறாங்க."

17-3-1974, ஞாயிறு

கூட்டம் சரியாக ஐந்து மணிக்குத் தொடங்கியது. 1971ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் போனேன். என் நாட்குறிப்பைப் பிறர்முன் படித்ததில்லை. கன்னியம்மாவுக்குக்கூடப் படித்துக் காட்டியதில்லை. அக்டோபர் 23ஆம் பக்கத்தைப் படித்தேன். "அவள் கேட்டதையும் நான் தள்ளிப்போட்டதையும்" என்ற இடத்தில் குரல் நின்றது. மீண்டும் முதலிலிருந்து படித்தேன். நடுவில் விட்டால் அது சரியான வாசிப்பு ஆகாது.

எல்லப்பன் தீர்மானப் புத்தகத்தில் 3ஆம் தேதி எழுதியதை அடித்துவிடப் பேனா எடுத்தார். நான் தடுத்தேன். நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும். அதன் கீழே, புகார் தவறு, தவறு புகார் கொடுத்தவருடையது என்று எழுதச் சொன்னேன். எழுதினார். தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஜெயினுலாபுதீன் கடைசி வரிசையில் இருந்தார். உளிச்சுருள் மடியில் இருந்தது.

போட்டியில் அவருக்கு மூன்றாம் இடம். மூடி சற்று இறுக்கம் என்பது உறுப்பினர்களின் கருத்து. சரியான கருத்துதான். நானும் அப்படியே வாக்களித்தேன்.

7-4-1974, ஞாயிறு

மாமல்லபுரம். காலை ஒன்பது நாற்பது முதல் பன்னிரண்டு பத்து வரை செய்முறைக் காட்சி. ஜெயினுலாபுதீன் உளி பிடித்தார். சக்கரம் சுற்றியது நான்.

கடற்காற்றில் மரச்சீவல் முழுவதும் என் முகத்தில் வந்து விழுந்தது. ஐந்து வருடமாக அவர் முகத்தில் விழுந்திருக்கிறது, ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நான் வேகமாகச் சுற்றினேன் போலும். "அண்ணாத்த, எக்ஸ்பிரஸ் வாணாம். நீ கூட்ஸ் ஆபீஸ்ல இருந்தவன்தானே? கூட்ஸ் வண்டியாட்டம் போ" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று எல்லப்பன் சொல்கிறார்.

வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் மேசைமீதிருந்த அஞ்சறைப் பெட்டியை விலைக்குக் கேட்டார். "வித்துட்டேம்மா" என்றார் ஜெயினுலாபுதீன். திரும்பும்போது பஸ்ஸில், துணியால் சுற்றிய அதை என் மடியில் வைத்துவிட்டு, சதுரங்கப்பட்டினத்தில் மீன் என்ன விலை என்று எல்லப்பனிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

8-4-1974, திங்கள்

பெட்டியை முனியம்மாவிடம் கொடுத்தேன். மூடியைத் திறக்கச் சிரமப்பட்டாள். கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம், உளுந்து என்று ஐந்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, "எது எதுல போடறது ஐயா? அம்மா எப்பிடி வெச்சிருந்தாங்க?" என்று கேட்டாள்.

கன்னியம்மா முப்பத்தெட்டு வருடம் எனக்குச் சமைத்தாள். நாட்குறிப்புகள் அத்தனையையும் பிற்பகல் முழுவதும் புரட்டினேன். கடுகு எந்தக் கிண்ணத்தில் என்பது ஒன்றிலும் இல்லை.