தேக்கு வில் செய்வித்த பிழை

ஏழருவி சூழ்ந்த வெண்ணாவல் நாட்டையும் அதன் பன்னிரு கோட்டைகளையும் காக்கும் பெருநங்கை மாதேவியார், கருங்கணவாய்க் கோட்டைத் தலைவர் கொற்றங்குமரனாருக்கு விடுத்த ஓலை. உம் மதில் நிலைபெறுக. உம் வீரர் நலம் பெறுக. உடன்பிறந்தானை இழந்த உம் நெஞ்சு ஆறுதல் அடைக.

உம் தம்பி சாத்தனார் கணவாய்ப் போரில் நாண் இழுத்த கணத்திலேயே வில் பிளந்து, வெறுங்கையராய் நின்று வீழ்ந்தார் என்பதும், அவ்வில்லைச் செய்த பொதியனை நீர் சிறையிட்டு, வரும் வெள்ளியன்று அவையோர் முன் அவன் வலக்கைப் பெருவிரலை வெட்டப் பணித்தீர் என்பதும் அறிந்தோம். ஐயோ, சாத்தனாரைப் பிறந்த அன்றே கையில் ஏந்தியவர் நாம். உம் சினம் எமக்கு விளங்காததன்று.

ஆயினும் சற்றுப் பொறுத்துக் கேளும். கொம்புவில்லுக்கு அகத்தே எருமைக்கொம்பும் புறத்தே மான் நரம்பும் ஒட்ட, நடுவில் ஒரு மரம் வேண்டும். அம்மரம் வச்சிரப் பசையைக் குடித்தால்தான் மூன்றும் ஒன்றாகும். அதற்கு மூங்கிலே ஏற்றது என்று பொதியன் வேண்டினான். கூடை முடையும் மூங்கிலா அரச வில்லுக்கு என்று நகைத்து, எம் தந்தையார் முடிசூடிய மண்டபத்தைப் புதுப்பிக்கப் பிரித்தபோது கிடைத்த தேக்குத் தூண்களை அறுத்து அனுப்பினோம். தேக்கில் எண்ணெய் ஊறும், பசை நிற்காது, வேண்டாம் தாயே என்று அவன் இருமுறை விண்ணப்பித்தான். கொடுத்ததைக் கொண்டு செய் என்று இருமுறையும் அவன் வாயை அடைத்தோம்.

நேற்று, இங்கே எஞ்சிய தேக்கு வில் ஒன்றை எம் முன்னிலையில் வளைக்கச் செய்தோம். வாழைப்பட்டை உரிவதுபோல் கொம்பு கழன்று வந்தது. பசை மரத்துள் நூலளவும் இறங்கவில்லை. அவன் முன்னர்ச் செய்த மூங்கில் வில்லோ, பகல் முழுதும் இழுத்தும் அசையவில்லை. இனி இவ்வோலையில் நாம் என்று எழுதக் கை கூசுகிறது. உம் தம்பியைக் கொன்றது என் வீம்பு.

ஆதலின், ஓலை கண்டவுடன் பொதியனின் விலங்கை அகற்றுக. உம் கையாலேயே அவனுக்கு உணவிடுக. கோட்டையில் உள்ள தேக்கு விற்கள் அனைத்தையும் எரித்திடுக. மூங்கில் ஏற்றிய வண்டிகள் புறப்பட்டுவிட்டன. எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்பது அவன் சொல்லே. இதுவரை ஆணை.

இனி வேண்டுகோள். வெள்ளியன்று கூட்டிய அவையைக் கலைக்க வேண்டாம். உம் தாயாரையும் அழைத்து வாரும். பொதியனுக்குக் குறித்த இடத்தில் யான் வந்து நிற்பேன்.

நாவல் இலை முத்திரை பொறித்து, எழுத்தரை விலக்கி, என் கையால் எழுதியது.